ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை நான் நின்றுகொண்டே படித்தேன். மூன்றே வரி. உங்கள் மகள் இன்னும் படிக்கத் தொடங்கவில்லை. மூன்று வாரம் கழித்துத் தலைமையாசிரியை முன்னால், அவள் முன்பின் பார்த்திராத ஒரு பக்கத்தைப் படித்துக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருடமும் முதல் வகுப்புத்தான். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பயம் அதற்குப் பின்னால் மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது.

எங்கள் வீட்டில் அவள் பெயர் பட்டாசு. காலையில் கண்ணைத் திறக்கும்போதே வாயையும் திறந்துவிடுவாள். எதிர்வீட்டுப் பூனை எத்தனை குட்டி போட்டது, மாடி வீட்டுக்காரர் ஏன் குடையை உதறாமல் மடித்தார், எல்லாவற்றுக்கும் அவளிடம் சேதி உண்டு. அதே பிள்ளை முன்னால் ஒரு புத்தகத்தை விரித்து வைத்துவிட்டால் போதும், நமுத்துப் போய்விடும்.

காரணம் இல்லாமல் இல்லை. வருடத் தொடக்கத்தில் வகுப்பில் எழுந்து படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'யானை குளிக்கப் போகிறது' என்று அச்சடித்திருந்ததை இவள் படத்தை மட்டும் பார்த்து, யானைக்குச் சளி பிடித்திருக்கிறது, அதனால் குளிக்க மாட்டேன் என்கிறது என்று படித்திருக்கிறாள். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கு மூடிய வாயை எழுத்துக்கு எதிரில் அவள் திறக்கவே இல்லை. வற்புறுத்தினால் கண்ணில் நீர் கட்டும். அதைப் பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது.

அன்றே கைப்பேசியும் கையுமாக உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குப் படிக்கக் கற்றுத் தருகிறேன் என்று சொல்லும் சாமான்களுக்கு இணையத்தில் பஞ்சமே இல்லை. ஒரு செயலியில் கரடி பலூனை உடைத்தது. சரியான எழுத்தைத் தொட்டால் ஒரு நட்சத்திரம். நான்கே நாளில் பட்டாசு முந்நூற்று நாற்பது நட்சத்திரம் வாங்கிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. மூன்று தடவை தப்பாகத் தொட்டால் பாவம் பார்த்து அந்தக் கரடியே விடையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது. என் மகள் எழுத்தைக் கற்கவில்லை, கரடியைக் கற்றுக்கொண்டுவிட்டாள்.

அடுத்து பயிற்சித்தாள்கள். புள்ளிகளைச் சேர்த்து எழுத்து வரைகிற தாள், படத்துக்கும் சொல்லுக்கும் கோடு போடுகிற தாள் என்று எண்பது பக்கத்தைப் பதிவிறக்கி அச்செடுத்தேன். அவள் எல்லாவற்றுக்கும் வண்ணம் தீட்டிச் சுவரில் ஒட்டினாள். என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வேலை முடிந்து வந்தவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லதாப் போச்சு. இனிமே வெள்ளையடிக்கிற வேல மிச்சம்" என்றார்.

அவரை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன். அதற்குள் ஒரு வாரம் ஓடியிருந்தது.

இந்த நேரத்தில்தான் அண்ணி கூப்பிட்டாள். என் அண்ணன் மனைவி. ஊரின் மறுகோடியில் வேறொரு பள்ளியில் முதல் வகுப்பு ஆசிரியை. தன் பிள்ளைகளுக்காக அவளே ஓர் இணையதளம் கட்டிக்கொண்டிருந்தாள். இருபத்துநாலு குட்டிக் கதைகள். பக்கத்துக்கு ஒரு படம், ஒரு வரி. தொட்டால் அந்த வரியை ஒரு குரல் படிக்கும். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். எல்லாம் தயார், குரல்தான் பாக்கி. முப்பத்தாறு பிள்ளைகளைக் கத்திக் கத்தி மேய்த்ததில் அண்ணியின் தொண்டை கட்டிப்போயிருந்தது.

"ஊருக்கெல்லாம் பேசற குரல் நம்ம வீட்டுலயே இருக்கப்ப நான் எங்க போய்த் தேட? நீயே படிச்சுக் குடு" என்றாள்.

நான் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். பதினான்கு வருடம். வழக்கமான வண்டிகளுக்கு இயந்திரமே பேசிவிடும். தாமதம், நடைமேடை மாற்றம், பெற்றோரைத் தொலைத்துவிட்டு அழுகிற பிள்ளை என்று வந்தால்தான் நான். குரல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பின்னறை ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி வைத்து, கைப்பேசியைத் தலையணை மேல் நிறுத்தி, இருபத்துநாலு கதையையும் ஒரே மூச்சில் படித்து அனுப்பிவிட்டேன். ஒரு சொல் பிசகவில்லை. சாயங்காலம் அண்ணி நேரிலேயே வந்தபோது பாராட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

வந்தவள் செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"ஏன் எல்லா வரியையும் ரெண்டு தடவ படிச்சிருக்க?"

"ரெண்டு தடவையா? யாரு?"

"நீதான். 'கோழி வேலியைத் தாண்டியது'ன்னு சொல்ற. அப்புறம் ஒரே அமைதி. அப்புறம் மறுபடியும் 'கோழி வேலியைத் தாண்டியது'. அந்தக் கோழி எத்தனாவது நடைமேடைக்குப் போகுது?"

எங்கள் தொழிலில் அதுதான் விதி. எதையும் ஒரு தடவை சொல், மூன்று எண்ணு, மறுபடி சொல். முதல் தடவைக்கு ஜனங்கள் தலையைத்தான் தூக்குவார்கள், இரண்டாம் தடவைதான் சேதி காதில் விழும். நடுவில் மூன்று எண்ணுவது எதிரொலி அடங்க. பதினான்கு வருடம் இதையே செய்த நாக்கு, முன்னால் ஒலிவாங்கி மாதிரி எதையாவது பார்த்தால் யாரையும் கேட்காமல் அதையே செய்துவிடுகிறது.

"வீட்லயும் அப்படித்தான். சாப்பிட வாங்கன்னு ரெண்டு தடவ கூப்பிடுவா. நான் முதல் தடவ எந்திரிக்கிறதே இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். உதவிக்கு வந்த அழகைப் பாருங்கள்.

"இத வெட்டி ஒட்டவே எனக்கு ஒரு மாசம் ஆகும்" என்று அண்ணி நாற்காலியில் சாய்ந்தாள். நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கொண்டுவந்த டேப்லெட் சாப்பாட்டு மேசையில் கிடந்தது. கோழிக் கதை அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பட்டாசு முழங்கால் போட்டு நாற்காலியில் ஏறியிருந்தாள்.

டேப்லெட்டில் என் குரல் சொன்னது. கோழி வேலியைத் தாண்டியது. பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் இன்னொரு சத்தம், மூச்சைவிடக் கொஞ்சம்தான் பெரியது. என் மகளின் வாய் அசைந்தது. விரல் வரியின் கீழே ஒவ்வொரு சொல்லாக ஊர்ந்தது. அடுத்து என் குரல் இரண்டாம் தடவை வந்தபோது அவளும் கூடச் சேர்ந்து, வாய்விட்டு, மேசை அதிரப் படித்தாள்.

நான் எழுந்து ஓடப்போனேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

"சும்மா இரு. போய்க் கட்டிப்பிடிச்சுக் கெடுத்துடாத" என்று காதோடு சொன்னாள். பிறகு, "அவ இன்னும் படிக்கல. கேட்டதத் திருப்பிச் சொல்றா. ஆனா விரலப் பாரு. எந்தச் சத்தம் எந்தச் சொல்லுன்னு தேடுது. கண்டுபிடிக்குது."

அண்ணியின் கட்டின தொண்டையிலும் ஒரு துள்ளல் இருந்தது. வந்தபோது மூக்குக்கு மேல் இருந்த கோபத்தைக் காணோம். அந்த மூன்று விநாடி அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு வாரம் பட்டாசு கதைகளை அப்படியே கேட்டாள். முதல் குரல், முணுமுணுப்பு, இரண்டாம் குரலோடு சத்தம். பன்னிரண்டு கதை முடிந்தது. அடுத்த ஞாயிறு அண்ணி மீதிக் கதைகளில் ஒரு வேலை செய்துகொண்டு வந்தாள். ஒவ்வொரு வரியிலும் என் முதல் குரலை மட்டும் அழித்துவிட்டாள். இப்போது பக்கம் திறந்ததும் வெறும் அமைதி. அதற்குப் பிறகுதான் நான்.

பட்டாசு தொட்டாள். சத்தமில்லை. டேப்லெட்டைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா உள்ள தூங்கிட்டாங்களா?" என்றாள்.

"அம்மாவுக்கு முன்னாடி நீ சொல்லிடு பாப்போம். தப்பா இருந்தாலும் யாருக்கும் கேக்காது. மெதுவாச் சொல்லு" என்றாள் அண்ணி.

முதல் பக்கத்தில் அவள் வாயே திறப்பதற்குள் என் குரல் முந்திக்கொண்டது. இரண்டாம் பக்கமும் அப்படியே. அந்தக் குரல்காரியின் கழுத்தைத் திருக வேண்டும்போல எனக்கு இருந்தது. அண்ணி டேப்லெட்டை வாங்கி ஏதோ தட்டி, அமைதியை எட்டு விநாடியாக நீட்டினாள். மூன்றாம் பக்கத்தில் ஒரு குதிரை. பட்டாசு விரலை வைத்தாள். கு. கு, தி. உதடு சேர்ந்தது, பிரிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளுக்குள் எண்ணினேன். ஐந்து, ஆறு. 'குதிரை நொண்டி நொண்டி வந்தது' என்று அவள் முணுமுணுத்து முடிக்கவும், டேப்லெட் 'குதிரை நொண்டி நொண்டி வந்தது' என்று சொல்லவும் சரியாக இருந்தது.

அவள் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். "நானும் அம்மாவும் ஒண்ணையே சொல்லிட்டோம்" என்றாள். "நான்தான் முதல்ல சொன்னேன். அம்மா ரெண்டாவது."

சமையலறைக்குள் போய்க் காரணமில்லாமல் குழாயைத் திறந்து மூடினேன். சந்தோஷத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மறுநாள் வேலையில், வண்டி நாற்பது நிமிடம் தாமதம் என்று நான் அறிவித்த அறிவிப்பைக் கேட்டு மேற்பார்வையாளர் படியேறி வந்துவிட்டார்.

"என்னம்மா, பயணிகளுக்குக் கல்யாணச் சேதி சொல்ற மாதிரி சொல்றீங்க" என்றார். "கீழ நாலு பேரு சண்டைக்கு நிக்கிறாங்க."

அந்தக் கடைசி வாரம் வீட்டில் எந்த எழுத்தும் தப்பவில்லை. சோப்பு உறை, மருந்துச் சீட்டு, என் வீட்டுக்காரர் சட்டைப்பையில் இருந்த 'பழுது, ஏறாதீர்கள்' அட்டை, எல்லாவற்றின் முன்னாலும் நின்று முதலில் வாய்க்குள், பிறகு வாய்விட்டு. அந்த அட்டையை அவள் குளியலறைக் கதவில் மாட்டி, அவரைக் காலையில் வெளியே நிறுத்தி வைத்தாள். அண்ணி தளத்தில் எல்லாக் கதைகளையும் இரண்டு விதமாக வைத்துவிட்டாள், இரண்டு குரலோடு ஒன்று, அமைதியும் ஒரு குரலுமாக இன்னொன்று. என் தப்பை அவள் பாடமாக்கிவிட்டாள். ஆனாலும் எனக்கு உள்ளூர உதறல்தான். வீட்டில் படிப்பது வேறு. அங்கே முன்னால் ஓர் ஆள் இருப்பார். முன்பு சிரித்த வகுப்பும் ஆட்கள்தானே.

அந்த நாள் வந்தது. தலைமையாசிரியை அறையில் நீளமான மேசை, ஒரு மணி, அடுக்கிவைத்த கோப்புகள், என் தலைக்கு நேர் எதிரே சுவர்க்கடிகாரம். தலைமையாசிரியை பொல்லாதவர் ஒன்றும் இல்லை. காலையிலிருந்து பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுக் களைத்திருந்தார். அன்று காலைதான் பிரித்த புத்தகக் கட்டிலிருந்து ஒரு புதுப் புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தை விரித்துப் பட்டாசு முன்னால் தள்ளினார்.

"படிம்மா. அம்மா, நீங்க எதுவும் சொல்லக் கூடாது."

பட்டாசு விரலை வைத்தாள். அமைதி. நான் மூன்று எண்ணினேன், எட்டு எண்ணினேன், பன்னிரண்டுக்கு மேல் எண்ண முடியவில்லை. அவள் உதடு மட்டும் அசைந்தது. மேசைக்கு அவள் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு அந்த வரி தலைகீழாகத் தெரிந்தது. ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால் போதும் என்று நாக்கு துடித்தது. வாய் திறப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் நான். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு வாயை மூடி வைத்ததில்லை.

தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். "பரவால்லம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே புத்தகத்தை எடுக்கக் கையை நீட்டினார்.

பட்டாசு உள்ளங்கையைப் பக்கத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். பிறகு வாய்விட்டுப் படித்தாள்.

"ஆடு ஒன்று யாருக்கும் தெரியாமல் படகில் ஏறிக்கொண்டது."

நீட்டிய கை அப்படியே நின்றது. அடுத்த வரிக்கு மறுபடி அமைதி, மறுபடி உதட்டசைவு. பிறகு குரல். "படகோட்டி துடுப்பை எடுத்தார்." துடுப்பில் கொஞ்சம் தடுக்கினாள். பின்னால் போய் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டு திரும்பி வந்தாள். விடவில்லை.

"ஏன்மா ஒவ்வொரு வரிக்கும் இவ்வளவு நேரம் நிறுத்துற?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

"நிறுத்தல டீச்சர். ரெண்டு தடவ படிக்கிறேன்" என்றாள் என் மகள். "முதல் தடவ எனக்கு. ரெண்டாவது தடவ உங்களுக்கு."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். அதற்குப் பிறகு அவர் கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்தேன், ஆனால் எனக்கு முள் தெரியவில்லை, கண் நிறைந்துபோயிருந்தது. பக்கத்தின் கடைசி வரி வந்தது. படகு நடு ஆற்றுக்குப் போனதும் ஆடு பயந்து எழுந்து நின்றது.

"போதும்மா. நல்லாப் படிச்ச. ரெண்டாம் வகுப்புக்குப் போகலாம்" என்று தலைமையாசிரியை தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டார். மூன்று வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதை நான் உணர்ந்தேன். எழுந்து மகளின் தோளைத் தொட்டேன்.

"வா கண்ணு, போலாம். அடுத்த ஆளு வெளிய காத்திருக்காங்க."

அவள் காதில் அதுவும் விழவில்லை, இரண்டாம் வகுப்பும் விழவில்லை. பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"இரும்மா" என்றாள் நிமிராமல். "ஆடு தண்ணியில விழுந்துடுச்சான்னு தெரியணும்."

அடுத்த பிள்ளையைக் கூப்பிட மணியை நோக்கிப் போன தலைமையாசிரியையின் கை பாதியில் திரும்பியது.

"எனக்கும் தெரியாதும்மா, நான் இன்னும் படிக்கல" என்றார். "படி, கேப்போம்."

பட்டாசு விரலை வைத்து வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கினாள். எங்கள் தடவை வருவதற்காக நாங்கள் இருவரும் காத்திருந்தோம்.