பல்லியின் நாற்பது புள்ளிகள்

"குனிங்க அண்ணி! குனிங்க, குனிங்க, குனிங்க!"

கத்தியது கொழுந்தன். குனிந்தது அண்ணி அல்ல, பக்கத்து நாற்காலியில் இருந்த கூரியர்காரர். தலைக்கு மேல் நிஜமாகவே ஏதோ பாய்ந்து வருவதுபோல இரண்டு கையாலும் மண்டையைப் பொத்திக்கொண்டார்.

திரையில், தீப்பந்தத்தோடு வந்த காவலாளி இரண்டடி தள்ளி நின்றான். சுவரோடு ஒட்டியிருந்த சின்ன உருவம் அசையவில்லை. பந்தத்தின் வெளிச்சம் தரையில் ஊர்ந்து அதன் கால்விரல் நுனிவரை வந்தது. நின்றது. திரும்பிப் போனது.

"குனிஞ்சா துணி உரசும் தம்பி," என்றாள் அண்ணி, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல். "அவனுக்குக் கேட்டுரும். நீங்க கத்தறதே அந்தக் கோட்டைக்குள்ள கேட்டிருக்கணும், ஏதோ என் நல்ல நேரம்."

கேம் சென்டரே சிரித்தது. கொழுந்தனுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்பது கம்ப்யூட்டர்கள், சொட்டும் ஏசிக்குக் கீழே ஒரு வாளி, பஞ்சு பிதுங்கிய ஹெட்செட்டுகள். கொழுந்தனின் ராஜ்ஜியம் அவ்வளவுதான். சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணி. ஆனால் யாரும் தங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்ணும் சுவரில் மாட்டிய பெரிய திரையில். அதில் ஓடிக்கொண்டிருந்தது ஏழாம் நம்பர் கம்ப்யூட்டரின் ஆட்டம்: கருங்கோட்டை.

கருங்கோட்டை சாதாரண ஆட்டம் இல்லை. ஐந்து வாசல், ஐந்தாவதில் இரும்புத் தளபதி. அதைவிடக் கொடுமை, அதில் செத்தால் செத்ததுதான். பாத்திரம் அழிந்துபோகும். மாதக்கணக்கில் சேர்த்த புள்ளி, ஆயுதம், பெயர் எல்லாம் காற்றோடு காற்று. இந்த சென்டரில் இரண்டு வருடமாக ஒருத்தரும் ஐந்தாம் வாசலைத் தாண்டியதில்லை. கொழுந்தனே அறுபத்தொரு தடவை செத்திருக்கிறான். அறுபத்தொரு தடவையும் தலை முதல் கால்வரை கவசம் போட்ட அதே வாள்வீரன், அதே பெயர்: இடிமுழக்கம். அவனுடைய ஆளுயரப் படம்தான் வாசல் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்தது.

அண்ணியின் பாத்திரத்துக்குப் பெயர் பல்லி.

"வில்லாளிக்குப் பல்லின்னா பேரு வைப்பாங்க?" என்று ஏழு மாதத்துக்கு முன்னால் அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பல்லி எவ்வளவு நேரம் அசையாம இருக்கும்னு பாத்திருக்கீங்களா? அப்புறம் ஒரே நொடி. பூச்சி காலி."

அண்ணிக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை. பதினேழு வருட சர்வீஸ். வாரம் ஒரு நாள் விடுமுறை, அது சனிக்கிழமை. அந்தச் சனிக்கிழமைகளை எல்லாம் ஒன்றுவிடாமல் இந்தப் பல்லிக்குக் கொடுத்திருந்தாள். ஒளிந்து நின்று அம்பு விடுகிற பாத்திரத்தை அவள் தேர்ந்தெடுத்ததில் கொழுந்தனுக்கு ஆச்சரியமே இல்லை.

"அண்ணிக்கு வேலையே அதுதானே," என்று எல்லோரிடமும் சொல்வான். "நோயாளியை நிக்க வச்சுட்டு, இவங்க சுவத்துக்குப் பின்னால ஓடி ஒளிஞ்சு பட்டனை அமுக்குவாங்க. ஆள் வந்ததும் தெரியாது, அடிச்சதும் தெரியாது."

கேலி ஒருபக்கம், கடமை ஒருபக்கம். அண்ணியாயிற்றே! ஒரு வெள்ளைத்தாளில் திட்டம் போட்டுக் கொடுத்தான். ஒவ்வொரு நிலை ஏறும்போதும் ஒரு புள்ளி கிடைக்கும், நாற்பது நிலைக்கு நாற்பது புள்ளி. 'வில்: இருபத்தைந்து. வலிமை: பத்து. மிச்சத்தை எதிலாவது போடவும்.' அண்ணி தாளை வாங்கி, நாலாக மடித்து, "சரி தம்பி" என்றாள். அத்தோடு சரி. புள்ளி போடும் நேரம் வந்தால் மட்டும் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வாள். கேட்டால், "எக்ஸ்ரே ரிப்போர்ட் மாதிரி. சம்பந்தப்பட்டவங்க மட்டும்தான் பாக்கணும்" என்பாள்.

பல்லி இரண்டாம் வாசல் தாண்டியது. மூன்றாம் வாசலும் தாண்டியது. கேலி செய்த வாய் சும்மா இருக்குமா? வீராப்பில் ஒருநாள் கொழுந்தன் எல்லோர் முன்னாலும் சவால் விட்டான். "ஒளிஞ்சு ஒளிஞ்சு விளையாடி இந்தக் கோட்டையை முடிச்சிட்டா, கதவுல இருக்கற என் படத்தை நானே கிழிச்சிட்டு அண்ணி படத்தை ஒட்டறேன்!"

நான்காம் வாசலையும் தாண்டியதும் பேச்சு தலைகீழாக மாறியது. "பிளான் யாரு போட்டது? நானாக்கும்!"

இதோ, ஐந்தாம் வாசலின் முற்றம்.

நடுவில் கிணறு. இரண்டு பக்கமும் இரண்டு காவலாளிகள், உயரே கோபுரத்தில் ஒருத்தன். மூன்று பேர் பார்வையும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் இடம். இடிமுழக்கம் இங்கேயே பதினான்கு தடவை உயிரை விட்டிருக்கிறான்.

"அண்ணி, இங்கிருந்தே கோபுரத்துக்காரனை அடிச்சிருங்க."

"தூரம் தம்பி."

"வில்லுல அவ்வளவு புள்ளி எதுக்கு வச்சிருக்கீங்க? எப்பப் பாத்தாலும் மூக்கும் மூக்கும் இடிக்கற மாதிரி கிட்டப் போய்தான் அம்பு விடறீங்க. கத்தியே போதுமே, வில்லு எதுக்கு?"

"பழகிடுச்சு."

"எனக்காக. இந்த அறுபத்தொரு தடவை செத்தவன் பேச்சை ஒரே ஒரு தடவை கேளுங்க."

அண்ணி பெருமூச்சு விட்டாள். பல்லி வில்லை உயர்த்தியது. அம்பு பறந்தது.

டங்!

கோபுரத்துக்காரன் தலைமுடிகூட ஆடவில்லை. அம்பு எங்கேயோ வளைந்து போய்க் கிணற்றடி இரும்பு வாளியில் அடித்தது. கூரியர்காரர் "ஐயையோ" என்றார். ஆனால் அடுத்த நொடி நடந்ததுதான் அதிசயம். இரண்டு காவலாளிகளும் வாளியை நோக்கி ஓடினார்கள். கோபுரத்துக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் தடதடவென்று கீழே இறங்கினான். முற்றத்தின் வலது ஓரம் காலி! பல்லி அந்த ஓரமாக, ஒரு சத்தமும் இல்லாமல், வழுக்கிக்கொண்டு போய் உள்கதவுக்குள் மறைந்தது.

சென்டர் அதிர்ந்தது. கணக்கு டீச்சர் மேஜையைத் தட்டினார். நாற்பது வயதில் மந்திரவாதிப் பாத்திரம் வைத்து ஆடுகிறவர் அவர். இந்த ஆட்டத்தின் விதிகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம்.

"ஆளை அடிக்காம வாளியை அடிச்சு மூணு பேரையும் கலைச்சாங்க பாருங்க! என்ன மூளை!"

"பின்னே?" கொழுந்தன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். "வாளிக் காதைக் குறிபாத்து அடிச்சிருக்காங்க டீச்சர். இருபத்தஞ்சு புள்ளி சும்மாவா?"

அண்ணி முகம் ஒருமாதிரி கோணியது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்ல நேரமில்லை.

தளபதியின் அறை திறந்துவிட்டது.

அவன் இரும்பு மலை. கண்ணுக்கு மட்டும் கீற்று, மற்றதெல்லாம் தகடு. எந்த அம்பும் ஏறாது, எந்த வாளும் இறங்காது. அறையின் நடுவே நின்று மெதுவாகச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். இடிமுழக்கம் அவனை ஒரு ஈட்டி தூரத்துக்கு மேல் நெருங்கியதே இல்லை. அதற்குள் கதை முடிந்துவிடும்.

பல்லி நெருங்கியது. தளபதி திரும்பத் திரும்ப, அவன் முதுகோடு சேர்ந்து அதுவும் திரும்பியது. பத்தடி. ஐந்தடி. மூன்றடி. கையை நீட்டினால் தொட்டுவிடலாம்.

"விடுங்க அண்ணி," என்றான் கொழுந்தன். "விட்டுருங்களேன்…"

அண்ணி விடவில்லை. தளபதியின் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழு மாதச் சனிக்கிழமைகள் அந்த மூன்றடி தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. அவன் லேசாகத் தலையைத் திருப்பினால் போதும், பல்லி என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இருக்காது.

அப்போதுதான் கொழுந்தனும் பார்த்தான்.

தளபதி மூச்சு விடுகிறான்! மூச்சை இழுக்கும்போது நெஞ்சு விரிகிறது, தோள்தகடு மேலே ஏறுகிறது, தலைக்கவசத்துக்குக் கீழே விரல்கடை அளவுக்குப் பின்கழுத்து தெரிகிறது. மூச்சு இறங்கினால் மூடிக்கொள்கிறது.

"இப்படி ஒரு இடைவெளி இருக்கா?" கணக்கு டீச்சர் கிசுகிசுத்தார். "ரெண்டு வருஷமா ஒருத்தருக்கும் தெரியாதே!"

எப்படித் தெரியும்? இவ்வளவு கிட்டப் போய் உயிரோடு நின்றவர் யார்? ஆனால் ஒரு நாளைக்கு அறுபது பேரின் நெஞ்சுக்கூட்டைப் படம் எடுக்கிறவளுக்குத் தெரியும், மூச்சை இழுத்தால் எது எது எங்கே ஏறும் என்று.

அண்ணியின் உதடு தானாக அசைந்தது. பதினேழு வருடப் பழக்கம்.

"மூச்சை நல்லா இழுங்க…"

தளபதியின் தோள் ஏறியது. சென்டரில் இருந்த ஒன்பது பேரும் அவர்களை அறியாமலே மூச்சை இழுத்தார்கள்.

"அப்படியே பிடிங்க… அசையாதீங்க…"

கூரியர்காரர் நெஞ்சை நிமிர்த்தி நட்டுவைத்த கம்பம்போல உட்கார்ந்திருந்தார். ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டியது.

க்ளிக்.

"ம். விடலாம்."

ஒன்பது பேர் மூச்சும் ஒன்றாக வெளியே வந்தது. இரும்பு மலை முழங்காலில் விழுந்தது. பிறகு முகம் குப்புற.

அதன் பிறகு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல அங்கே யாருக்கும் நினைவில்லை. கணக்கு டீச்சர் நாற்காலி மேல் ஏறி நின்றார். கூரியர்காரர் யாருக்கோ சேர வேண்டிய பார்சலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். கொழுந்தன் மட்டும் நேராக வாசலுக்கு ஓடினான். நகத்தால் சுரண்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்து, இடிமுழக்கத்தை இடுப்புவரை கிழித்தான். தெருவில் போன முன்பின் தெரியாத ஆளை நிறுத்தி, "எங்க அண்ணி சார்! ஐந்தாம் வாசல் சார்!" என்றான். அந்த ஆள் பயந்துபோய், "நல்லது, நல்லது" என்று நடையைக் கட்டினார்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். கண் கலங்கியிருந்தது, அதை ஏசி மேல் போட்டான். "தூசி விழுது. சர்வீஸ் பண்ணணும்… அண்ணி, படம் மட்டும் பத்தாது. உங்க நாற்பது புள்ளியையும் கதவுலயே அச்சடிச்சு ஒட்டப்போறேன். பெரிய எழுத்துல. பாக்கறவன் எல்லாம் கத்துக்கட்டும், ஒரு வில்லாளியை எப்படி வளர்க்கணும்னு. வில்லு இருபத்தஞ்சுதானே? இல்ல, கூடப் போட்டீங்களா?"

"அதை ஒட்ட வேணாம் தம்பி."

"ஏன்? என் பிளான்னு நான் பீத்திக்குவேன்னு பாக்கறீங்களா?"

"உங்க பிளான் அங்க இருக்கு."

அவள் கால் விரலால் காட்டினாள். ஏழாம் நம்பர் மேஜை. ஒரு கால் குட்டை, எப்போதும் ஆடிக்கொண்டிருந்த மேஜை. ஏழு மாதமாக ஆடவில்லை என்பது அவனுக்கு இப்போதுதான் உறைத்தது. அந்தக் காலுக்கு அடியில், நாலாக மடித்த வெள்ளைத்தாள்.

"அண்ணி…"

"ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

"அப்ப அந்த வாளி? காதைக் குறிபாத்து…"

"கோபுரத்துக்காரனைத்தான் குறிபாத்தேன். இந்த ஏழு மாசத்துல உங்க பேச்சைக் கேட்டு விட்டது அந்த ஒரு அம்புதான். அது எங்க போச்சுன்னு எல்லாரும் பாத்தீங்களே."

கூரியர்காரர் வாயைப் பிளந்தார். கணக்கு டீச்சர் நாற்காலியிலிருந்து மெதுவாக இறங்கினார். அவர் மூளை கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தது. "கண்ணுல படாம அடிச்சா அடி பத்து மடங்கு… வில்லு எப்படி இருந்தாலும் அந்தப் பத்து மடங்கு விழும்… அப்ப தூரம்தான் பிரச்சினை…"

"எக்ஸ்ரேல என் கை ஆடினா ஒண்ணும் ஆகாது டீச்சர்," என்றாள் அண்ணி. "எதுக்க நிக்கறவங்க ஆடாம இருக்கணும், அவ்வளவுதான். எனக்குக் குறிபாக்க வராது. வராதவங்க என்ன செய்யணும்? கிட்டப் போகணும். யாருக்கும் தெரியாம, ரொம்பக் கிட்டப் போகணும்."

இத்தனை நாள் திருப்பி வைத்த திரையை முதல்முறையாக அவனைப் பார்க்கத் திருப்பினாள். கொழுந்தன் குனிந்து, ஒவ்வொரு வரியாக, சத்தம் போட்டுப் படித்தான்.

"சத்தமில்லா நடை, இருபத்திரண்டு. மூச்சடக்கம், பதினெட்டு. கவசம், ஒண்ணுமில்ல. வலிமை, ஒண்ணுமில்ல."

கடைசி வரிக்கு வந்ததும், தூசியோ என்று திரையை விரலால் தேய்த்துப் பார்த்தான். கணக்கு டீச்சர்தான் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்து முடித்தார்.

"வில், பூஜ்யம்."