திரும்பாத ஒளி

"பன்னிரண்டு சதவீதம்! பாத்தீங்களா, டீமன்?" புரொஃபசர் ஆலெர்ஸ் திரையைத் தட்டினார். "மாநாட்டுல இதுதான் முதல் படம்."

நான் எழுந்திருக்கவில்லை. காலையிலிருந்து நின்ற கால்.

"இன்னும் காந்தத்தைத் திருப்பலை."

"திருப்பினா மைனஸ் பன்னிரண்டு. வேற என்ன வரும்?" காபிக்குப் போய்விட்டார்.

இரும்புப் படிகத்தின் மேல் ஹீலியம் அயனிகளை உரசினாற்போல் சாய்வாக விடுவோம். போகிற போக்கில் அயனி ஓர் எலெக்ட்ரானைப் பறித்துக்கொண்டு ஒளிரும். அந்த ஒளி எந்தப் பக்கம், எத்தனை சதவீதம் சுழல்கிறதோ, அதில் எலெக்ட்ரானின் சுழற்சி தெரியும். ஆனால் சாய்ந்து உரசினாலே ஒளி கொஞ்சம் சுழலும். காந்தத்தைத் திருப்பும்போது கூடவே திரும்புவது மட்டும்தான் இரும்புடையது. அந்த எண்ணைக் காட்டித்தான் மார்ச்சில் முடியும் என் ஒப்பந்தத்தை நீட்டிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

திருப்பினேன். பன்னிரண்டு. அதே பக்கம். மறுபடி திருப்பினேன். பன்னிரண்டு.

யோஸ்ட் எட்டிப் பார்த்தான். என்னைப் போல ஆராய்ச்சி மாணவன்தான். ஆனால் அப்பா புரொஃபசர், தாத்தா புரொஃபசர்.

"சிக்னல் செத்துடுச்சா?"

"உன் தாத்தாகிட்ட கேளு."

"அவர் தத்துவம். இரும்பு இருக்கான்னே சந்தேகப்படுவார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் இரும்பு இருக்கும் வெற்றிடக் கலத்தைத் திறந்து மூடினோம். மூடியதும் கலத்தையே சூடேற்றி ஈரத்தை விரட்ட வேண்டும். 'நேரமில்லை' என்றார் ஆலெர்ஸ். மிஞ்சிய ஈரம் இரும்பின் மேல் படிந்துவிட்டது. நாங்கள் அளந்தது அழுக்கை.

அவர் வந்ததும் சொன்னேன்.

"முதல் அளவை மட்டும் காட்டலாமே" என்றார்.

"என் பேரைப் போட்டு வேண்டாம்."

"மார்ச் ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. சூடேத்த வேண்டாம்னு யார் சொன்னாங்கன்னும் ஞாபகம் இருக்கு."

காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நான் எதைக் காட்டறது?"

"போன வருஷத்துப் படம் இருக்கே. யாருமே கவனிக்கலைன்னு திட்டினீங்களே."

அவர் வெளியே போக, கதவு சாத்திக்கொண்டது. ஒப்பந்த நீட்டிப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று சொல்லவில்லை.

சூடேற்றும் பட்டைகளைக் கலத்தில் கட்டி, மேலே சுற்றுவதற்குச் சுருளிலிருந்து அலுமினியத் தாளை உருவினேன். யோஸ்ட் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான்.

"தாள் சுத்தி அடுப்புல வைக்கிற கிறிஸ்துமஸ் வாத்து மாதிரியே இருக்கு. உங்க வீட்டுலயும் இப்படித்தான் சுத்துவீங்களா?"

"எங்கம்மா சுத்துவாங்க. வீட்டுல இல்ல, ஃபாக்டரில, ஷிப்டு போட்டு. நல்லா இழுத்துப் பிடி."

பிடித்தான். சுவிட்சைப் போட்டேன்.