இருபத்து மூன்றாம் சிபாரிசு

வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஐந்தாம் மாடியில் இருந்த இரத்தினசிங்கம், ஒரு திணைக்களத்தில் உதவிப் பணிப்பாளர். பிரதேசங்களுக்கிடையே சமநிலையான அபிவிருத்தி பற்றி பதினொரு மாதம் பாடுபட்டு இருநூறு பக்க அறிக்கை எழுதினார். அதில் அவருக்கு மிகவும் பிடித்தது இருபத்து மூன்றாம் சிபாரிசு: பத்து வருடத்துக்கு மேல் கொழும்பிலேயே இருக்கும் அதிகாரிகளைப் பின்தங்கிய மாவட்டங்களுக்கு அனுப்ப வேண்டும்.

இப்படியான அறிக்கைகள் வழக்கமாக அலுமாரிக்குத்தான் போகும். இந்தமுறை யாரோ வாசித்துவிட்டார்கள். முதல் இடமாற்றக் கடிதம் இரத்தினசிங்கத்துக்கே வந்தது. முல்லைத்தீவு.

"நீங்கள் எழுதினதைத்தானே செய்திருக்கினம்?" என்றார் மனைவி சரோஜினிதேவி, தோசையைத் திருப்பியபடி.

"ஓமப்பா. ஆனா நான் பொதுவா எழுதினனான்."

மருத்துவச் சான்றிதழுக்காகத் தெஹிவளைக்கு ஓடினார். டொக்டர் ஸாலிஹ் பகலில் அரச ஆஸ்பத்திரி, மாலையில் அங்கே சொந்தக் கிளினிக். முதுகுவலி, பஸ் பயணம் ஆகாது என்று இரத்தினசிங்கம் முனகினார்.

"சேர், இருபத்து நாலாம் சிபாரிசு டொக்டர்மாரைப் பத்தித்தானே?" என்றார் ஸாலிஹ். "என்னைய மொனராகலைக்குப் போடுறாங்க. உங்கட முதுகு நல்லா இருக்கு."

இரத்தினசிங்கம் முல்லைத்தீவுக்குப் போனார். முதல் நாளே மீனவப் பெண்கள் சங்கத் தலைவி யோகேஸ்வரி கோப்போடு வந்து நின்றார். கருவாடு காயவைக்கக் கொட்டில் ஒன்று கேட்டு ஒரு வருடமாம். எல்லாம் முடிந்து ஒரு கையெழுத்துத்தான் மிச்சம்.

"அது கொழும்பில வைக்கவேண்டிய கையெழுத்தம்மா."

"கை அங்க இருக்கேக்க, நீங்கள் மட்டும் என்னத்துக்கு ஐயா இங்க வந்தனீங்கள்?"

அன்று மத்தியானமே, கையெழுத்து வைக்கும் அந்த அதிகாரத்தைத் தனக்குத் தரும்படி கொழும்புக்கு எழுதினார். மூன்று மாதமாகப் பதில் இல்லை. ஃபோனில் கேட்டால், "மேலிடத்தில இருக்கு சேர்" என்றார்கள். அதே பதிலை அதே கதிரையில் இருந்து எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம் என்று நினைக்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

மாரி மழை தொடங்கியது. நனைந்து புழுத்த கருவாட்டை ஒரு பையில் கொண்டுவந்து அவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போனார் யோகேஸ்வரி. மணம் தாங்காமலோ மனம் தாங்காமலோ, இரத்தினசிங்கம் கோப்பைத் திறந்து தானே கையெழுத்து வைத்தார்.

விளக்கம் கேட்டு கொழும்பிலிருந்து மூன்றாம் நாளே கடிதம் வந்தது.

"வேலை போயிடுமோ?" என்று ஃபோனில் பதறினார் சரோஜினிதேவி.

யன்னலுக்கு வெளியே லொறியில் இருந்து கொட்டிலுக்கான கூரைத்தகடு இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதப்பா," என்றார் இரத்தினசிங்கம். "ஆனா கொழும்புக் கடிதம் இங்க மூண்டு நாளில வருமெண்டு இண்டைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது."