அருந்ததிக்காக வாங்கிய சுடுதண்ணீர்

பினாங்கில், பாயான் பாரு வீட்டுக் குளியலறையில் நல்லமுத்து முக்காலி மேல் ஏறி நின்று, சுடுதண்ணீர்த் தொட்டியின் மூடியை மறுபடியும் கழற்றிக்கொண்டிருந்தான். மின்னணுத் தொழிற்சாலையில் மெஷின்களைப் பழுதுபார்க்கிறவன் அவன். அங்கே எந்த மெஷின் முரண்டு பிடித்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுத் தொட்டியோ அவனை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

மனைவி அருந்ததிக்குத் தலைப்பிரசவம். பிள்ளை பெற்ற பச்சை உடம்பு, சுடச்சுடக் குளிக்கவேண்டும். அவனுடைய அம்மா வடிவம்மாளுக்கோ கை மூட்டில் வலி, அடுப்பிலிருந்து பானையைத் தூக்க முடியாது. அதனால் தாயும் சேயும் ஆஸ்பத்திரியிலிருந்து வருவதற்கு முன்பே காஜா மொய்தீன் கடைக்குப் போய் அந்தத் தொட்டியை வாங்கிச் சுவரில் மாட்டிவிட்டான். பெண்டாட்டிக்குக் குளிக்கத் தொட்டி மாட்டிய மகாராசன் என்று பக்கத்து வீடுகளில் கேலி செய்தார்கள். செய்யட்டுமே! அவனுக்கு உள்ளூரப் பெருமைதான்.

அந்தப் பெருமை நிலைக்கவில்லை. அருந்ததி குளிக்கப்போய்த் தலை நனைவதற்குள் தண்ணீர் ஆறிவிடும். அவள் வாய்விட்டுக் குறை சொல்கிற பெண் இல்லை. உடம்பு பிடித்துவிட வந்த, சித்தி ஹாஜரா என்கிற மலாய் மருத்துவச்சிதான் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இப்படிச் சில்லிட்டுக் கிடக்கிறதே, இந்த உடம்பில் குளிர் ஏறினால் அப்புறம் இறங்காது என்று வடிவம்மாளைக் கடிந்துகொண்டாள். சொன்னது போலவே அன்று சாயங்காலம் காய்ச்சல் வந்தது. போர்வைக்குள் பல் கிட்டிக்க நடுங்கியபடியே அருந்ததி குழந்தைக்குப் பால் கொடுத்ததைப் பார்த்ததும் நல்லமுத்து அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு ஓடினான்.

டாக்டர் கொடுத்த மருந்தில் காய்ச்சல் தணிந்தது. ஆனால் அது திரும்பி வந்தால்? வேலை முடிந்து வந்ததும் வராததுமாகத் தொட்டியோடு மல்லுக்கு நிற்க ஆரம்பித்தான். சூட்டைக் கூட்டும் திருகைத் திருகிப் பார்த்தான். குழாய் மூட்டுகளில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினான். உள்ளே இருந்த சூடேற்றும் கம்பியைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டான். காஜா மொய்தீனே வந்து தட்டிப் பார்த்துவிட்டு, தொட்டியில் ஒரு கோளாறும் இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பழனியப்பன் மட்டும், பினாங்கு வெயிலில் எவனுக்குக் குளிருமாம் என்று சிரித்தார்.

சனிக்கிழமை. அன்று அவனுக்கு லீவு. வழக்கம்போல முதலில் அப்பா, பக்திப் பாட்டு பாடிக்கொண்டே சாவகாசமாகக் குளித்துவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பினார். அடுத்து, புக்கிட் தெங்கா ஃபேக்டரிக்கு வேலைக்குப் போகும் தம்பி. அவனுக்குப் பிறகு அம்மா. மற்றவர்களுக்குத் தீட்டு கழிந்திருந்தாலும் பிள்ளை பெற்றவளுக்கு இன்னும் கழியவில்லை என்பதால் அருந்ததிக்குக் கடைசி இடம். அவள் குளித்ததும் தரையை மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவார்கள். அப்பன் பாட்டன் காலத்து வழக்கம், யாரும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை.

அருந்ததி போவதற்கு முன்னால் தானே ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று நல்லமுத்து உள்ளே போனான். இதமாகத்தான் விழுந்தது தண்ணீர். தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டு மறுபடி நின்றான். ஐயோடா, ஐஸ் தண்ணீர்! கண்ணில் சோப்பு எரிய, கட்டுமஸ்தான ஆம்பளை அவன், வெடவெடவென்று நடுங்கினான். தையல் போட்ட உடம்போடு அவள் தினமும் இப்படித்தானே நின்றிருப்பாள்! அப்போதுதான் அவன் மண்டையில் உறைத்தது. தொட்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. இருந்த சூட்டையெல்லாம் முன்னால் போனவர்கள் தீர்த்துவிட்டார்கள். மற்ற நாட்களில் அவனும் அந்த வரிசையில்தான் இருந்தான்.

காதில் சோப்பு நுரையோடு வெளியே வந்து, இதை ஏன் சொல்லவில்லை என்று அருந்ததியிடம் கேட்டான்.

"நான் சொன்னேனேங்க, ஹீட்டர் ரோசாக் இல்ல, நல்லாத்தான் இருக்குன்னு. நீங்க ஸ்க்ரூவத்தான் பாத்தீங்க," என்றாள் அவள். அதிலும் கோபம் இல்லை, லேசான சிரிப்புதான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுப்படிக்குப் போய், நாளையிலிருந்து அருந்ததிதான் முதலில் குளிப்பாள் என்றான். வடிவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். தீட்டுக்காரி குளித்த இடத்தில் குளித்துவிட்டு அப்பா எப்படிக் கோயிலுக்குப் போவார், சாமி குத்தம் ஆகாதா என்று பொரிந்து தள்ளினாள். கடைசியில் போகிறவளுக்குச் சுடுதண்ணீர் மிச்சமிருப்பதில்லை என்று அவன் எடுத்துச் சொன்னதும் வடிவம்மாளின் குரல் தணிந்தது.

"நானும் கடைசியாத்தான்டா குளிச்சேன், ஒன்னையப் பெத்தப்ப. கை காலெல்லாம் வெறச்சிப் போவும். என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே."

"யாராச்சும் கேட்டிருக்கணும்மா," என்றான் நல்லமுத்து.

வடிவம்மாள் வலிக்கிற மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். அந்தக் கை எத்தனை பச்சைத் தண்ணீரில் நனைந்ததோ, அவளுக்குத்தான் தெரியும். பிறகு நேராகப் போய்த் தொட்டியின் சுவிட்சைப் போட்டாள். நன்றாகச் சூடு ஏறும்வரை குளிக்கப் போகக்கூடாது என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, பேத்தியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை பழனியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தபோது குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அருந்ததி. இதென்ன புதுப் பழக்கம், தீட்டு கீட்டு எல்லாம் போய்விட்டதா என்று அவர் குரலை உயர்த்தினார். வடிவம்மாள் குழந்தையைத் தட்டிக்கொடுத்தபடியே அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சத்தம் போடாதீங்க, புள்ள தூங்குது. பெத்தவளுக்குன்னு வாங்குன சுடுதண்ணியில நாமெல்லாம் குளிச்சிட்டு, அவள நடுங்க விட்டுட்டு, டேங்கியில கோளாறுன்னு தேடிக்கிட்டு இருந்தோம். உசுரக் குடுத்துப் புள்ள பெத்தவ தீட்டு இல்லைங்க. அவளக் கடைசியில நிக்க வெச்சோமே, அதுதான் தீட்டு. அவ குளிச்சிட்டு வரட்டும், அப்புறம் நீங்க போங்க."