மெயினை அணைத்த பிறகும் வந்த வெளிச்சம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெஸ்டர் சோபாவிலிருந்து எழுந்து தலையைத் திருப்பியபோது, கூடத்தின் வலது மூலையில் பளிச்சென்று ஒன்று மின்னி மறைந்தது. வில் மாதிரி வளைந்த ஒரு வெளிச்சக் கீற்று. ஒரு நொடிகூட நிற்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் கண்ணைக் கசக்கிவிட்டுப் போயிருப்பார்கள். டெஸ்டருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. அந்த மூலையில் ஒரு சுவிட்ச் பெட்டி இருந்தது. அதற்கு வயரிங் செய்தவன் அவருடைய மச்சினன்.

டெஸ்டர் என்பது அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் அல்ல. பிஸ்கட் தொழிற்சாலையின் மின் பராமரிப்புப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக வேலை. சட்டைப் பையில் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை, கல்யாண போட்டோவில்கூட. நான்கு வருடத்துக்கு முன்னால் சொந்த வீடு கட்டிய நேரத்தில், நிர்வாகம் அவரை வேறொரு ஊரிலுள்ள கிளைக்கு இயந்திரம் பூட்ட அனுப்பிவிட்டது. ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது வீடு முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனைவி வேலையைத் தன் தம்பியிடம் கொடுத்துவிட்டிருந்தாள். அவனும் எலக்ட்ரீஷியன்தான். டெஸ்டர் ஒரு வாரம் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். குறை சொல்ல ஒரு ஸ்க்ரூ கிடைக்கவில்லை. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

மெயின் பெட்டியின் கதவுக்கு உள்பக்கம் மச்சினன் ஒரு லேபிள் ஒட்டியிருந்தான். வேலை முடித்ததும் வேறொருவர் சோதித்துப் பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்திடுவது அந்தத் தொழிலில் மரியாதையான வழக்கம். 'மாமா, நீங்க பாத்துட்டு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க' என்று அவன் பேனாவையே நீட்டினான். நேரம் வரட்டும் என்றார் மாமா. நான்கு வருடமாக அந்த நேரம் வரவில்லை. லேபிள் வெறுமையாகவே பழுப்பேறிக்கொண்டிருந்தது.

இப்போது ஒரு மின்னல் வந்துவிட்டது. எங்கோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கிறது, மச்சினன் கையும் களவுமாகச் சிக்கிவிட்டான் என்று டெஸ்டர் கணக்குப் போட்டார். அன்று இரவே மூலைப் பெட்டியைக் கழற்றினார். எல்லாம் கச்சிதமாக இருந்தது. திங்கட்கிழமை படுக்கையறையில் மின்னியது. அங்கேயும் வலது பக்கம்தான். அந்தப் பெட்டியையும் திறந்தார். செவ்வாய்க்கிழமை குளியலறைக் கதவருகே. அங்கே சுவிட்சே கிடையாது. சுவருக்குள் போகும் வயரில் பழுது என்று முடிவுகட்டி, காதைச் சுவரில் வைத்துக் கேட்டார். ஒரு மனிதன் தனக்கு வேண்டிய பதிலைத் தேடப் புறப்பட்டால் அது சுவருக்குள்ளேயும் கிடைக்கும்.

மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருந்தாள். நாள் முழுக்கச் சட்டைகள் அவள் கண் முன்னால் போகும். காலரின் உட்புறத்தில் ஒரு தையல் விட்டுப்போயிருந்தால் கை தானாக அதை எடுத்து ஓரமாகப் போட்டுவிடும். அப்படிப்பட்டவள் மூன்று நாளாக அவரோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தும் ஒரு மின்னலையும் பார்க்கவில்லை. அதைச் சொல்லவும் சொன்னாள். உன் தம்பி வேலையில் உனக்கு எப்படிக் குறை தெரியும் என்று டெஸ்டர் அவள் வாயை அடைத்துவிட்டார். அவளும் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்க்கவில்லை, புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை காலையில் இன்னொன்று சேர்ந்துகொண்டது. தொழிற்சாலைக்குப் போய் வெள்ளைச் சுவருக்கு எதிரே நின்றபோது, கண் முன்னால் கரும்புள்ளிகள் மிதந்தன. ஒன்றிரண்டு அல்ல, மிளகுப்பொடியைத் தூவிவிட்டாற்போல. கண்ணைத் திருப்பினால் அவையும் கூடவே நகர்ந்தன. இதற்கும் டெஸ்டரிடம் விளக்கம் இருந்தது. பொறி பறக்கும் இடத்தில் கரி பறக்காதா? ராத்திரி பெட்டிகளைக் குடைந்தபோது மூக்குக் கண்ணாடியில் கரி ஒட்டியிருக்கும். தடித்த கண்ணாடியைக் கழற்றி மூன்று முறை துடைத்தார். புள்ளிகள் அப்படியே இருந்தன. டெஸ்டர் அதைக் கண்டுகொள்ளவில்லை. மத்தியானம் மச்சினனுக்குப் போன் போட்டு, சாயங்காலம் வா, உன் வயரிங்கின் லட்சணத்தை நேரில் காட்டுகிறேன் என்றார்.

மச்சினன் வந்தான். ஆள் குள்ளம், வாய் நீளம். ஆனால் அன்று அவன் வாயைத் திறக்கவில்லை. கருவிப் பையை வைத்துவிட்டு, மாமா காட்டிய பெட்டிகளை ஒவ்வொன்றாகச் சோதித்தான். மீட்டர் எல்லா இடத்திலும் நல்ல பிள்ளையாக ஒரே எண்ணைக் காட்டியது. இதற்குள் டெஸ்டருக்கு இரண்டு முறை மின்னிவிட்டது. இரண்டு முறையும் 'இதோ, இதோ' என்று கையை நீட்டினார். மச்சினனும் அக்காவும் அந்தப் பக்கம் பார்த்தார்கள். அங்கே சுவர்தான் இருந்தது. கடைசியில் அவன் எழுந்து நின்றான்.

"மாமா, ஒண்ணு பண்ணலாம். மெயினை நீங்களே உங்க கையால ஆஃப் பண்ணுங்க. அதுக்கப்புறம் மின்னாம நின்னுட்டா தப்பு என்னோடது. நாளைக்கே மொத்த வயரிங்கையும் பிடுங்கிட்டு என் செலவுல புதுசாப் போட்டுத் தர்றேன்."

டெஸ்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும். எழுந்து போய் மெயினை அணைத்தார். அணைத்ததை நம்பாமல் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், அது பழக்கம். திரைச்சீலைகளை இழுத்துவிட்டு மூன்று பேரும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். பொழுது சாய்ந்து கூடம் நன்றாக இருட்டிவிட்டது. ஃப்ரிட்ஜின் உறுமல்கூட நின்றுபோய், வீட்டில் ஒரு சொட்டு மின்சாரம் இல்லை.

டெஸ்டர் தலையைத் திருப்பினார். மின்னியது.

இத்தனை நாளில் இவ்வளவு பிரகாசமாக அது வந்ததில்லை. வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளை வில். கண்ணை இறுக மூடிக்கொண்டு மறுபடி திருப்பினார். மூடிய இமைக்கு உள்ளேயும் மின்னியது. அந்த நொடியில் டெஸ்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பழுது சுவரில் இல்லை. நான்கு நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடியது அந்தக் கண்ணுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

"வந்துச்சா மாமா?" என்று இருட்டிலிருந்து மச்சினனின் குரல் கேட்டது.

வரவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான்கு வருட வழக்கில் தீர்ப்பு டெஸ்டர் பக்கம். மச்சினன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரை உடைப்பான். கண்ணை அப்புறம் ரகசியமாகப் பார்த்துக்கொள்ளலாம். ஆசை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த மனிதர் எத்தனை வீம்பு பிடித்தவராக இருந்தாலும், இருபத்தெட்டு வருடத்தில் மீட்டர் காட்டியதை மாற்றி ஒரு முறைகூட எழுதியதில்லை. மீட்டர் ஒன்று காட்ட வேறொன்றைச் சொல்கிறவன் ஒருநாள் ஆளைக் கொல்வான் என்று தொழிற்சாலையில் புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லுகிறவர் அவர்.

"வந்துச்சு. கண்ணை மூடினாலும் வருது," என்றார்.

மச்சினன் ஜெயித்துவிட்டான். சிரிக்க வேண்டியவன் சிரிக்கவில்லை. மனைவிதான் முதலில் பேசினாள்.

"எந்தக் கண்ணுலங்க?"

அவர் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்தார். வலது கண்ணில் என்றார். காலையிலிருந்து புள்ளிகள் மிதப்பதையும் அப்போதுதான் சொன்னார். சொல்லிவிட்டு, வலி ஒன்றும் இல்லை, சனிக்கிழமை எனக்கு லீவு, அன்றைக்குப் போய்க் காட்டிக்கொள்ளலாம் என்று வழக்கம்போல இழுத்தார். மச்சினன் அதற்குள் மெயினைப் போட்டுவிட்டு வேன் சாவியை எடுத்திருந்தான்.

"சுவத்துல ஒரு பொறின்னதும் நாலு நாளா தூங்காம பெட்டி பெட்டியாக் கழட்டுனீங்க. கண்ணுல பொறின்னா மட்டும் சனிக்கிழமை வரைக்கும் தாங்குமா? எழுந்திரிங்க மாமா."

டெஸ்டர் வாழ்க்கையில் முதல் தடவையாக மச்சினன் பேச்சைக் கேட்டு எழுந்தார்.

கண் மருத்துவமனை எட்டு மணிக்கு மூடும். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஏழு. வரவேற்பில் இருந்த பெண், நாளைக் காலைக்கு டோக்கன் தரட்டுமா என்றாள். மின்னலும் புள்ளியும் சேர்ந்து வருகிறது என்று மனைவி சொன்னதும், அவள் டோக்கனை எடுத்து வைத்துவிட்டு நேரே உள்ளே போனாள். அந்த வேகத்தைப் பார்த்துத்தான் டெஸ்டருக்கு உண்மையில் பயம் வந்தது. ஒரு கண் போய்விட்டால் பேனல் முன்னால் யார் நிற்கவிடுவார்கள்? சிவப்பு வயர் எது, பழுப்பு வயர் எது என்று பக்கத்தில் இருப்பவனைக் கேட்டுக்கொண்டு வாழ்வதா? மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியிடத்தில் அவர் அப்படிச் செய்கிறவர் அல்ல.

டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி. என்ன ஏது என்று கேட்டார். டெஸ்டர் வேலையிடத்துப் பழுது அறிக்கை மாதிரியே ஒப்பித்தார்: வலது கண் மட்டும். வெளி ஓரம். ஞாயிறு மாலையிலிருந்து. தலையைத் திருப்பும்போதும் இருட்டிலும் அதிகம். கண்ணை மூடினாலும் உண்டு. இன்று காலையிலிருந்து புள்ளிகள். இரண்டு கண்ணிலும் நெளிநெளியாக வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுகிறதா என்று டாக்டர் கேட்டார். இல்லை. திரை இறங்கின மாதிரி ஏதாவது பக்கம் மறைக்கிறதா? இல்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். தன்னிடம் யாருமே இவ்வளவு சுத்தமாகச் சொன்னதில்லை என்றார். அந்தப் பயத்திலும் டெஸ்டர், மச்சினன் காதில் விழுந்ததா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்து, டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வயசாக ஆக கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல்லி சுருங்கும். சுருங்கும்போது பின்னாடி இருக்கிற விழித்திரையைப் பிடிச்சு இழுக்கும். விழித்திரைக்கு வலிக்குதுன்னு சொல்லத் தெரியாது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் வெளிச்சம்தான். அதான் மின்னுது. நிறைய பேருக்கு அதோட சரியாயிடும். உங்களுக்கு மேல்பக்கமா ஒரு சின்னக் கிழிசல் விழுந்திருக்கு. இன்னும் உரியல."

இன்னும் என்ற வார்த்தையில் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். கிழிசல் வழியாக நீர் இறங்கினால் விழித்திரை சுவரில் ஒட்டிய காகிதம் மாதிரி உரிந்துவரும், அப்புறம் பெரிய ஆபரேஷன், பார்வை முழுசாகத் திரும்புமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். சனிக்கிழமை வந்திருந்தால் என்று மனைவி கேட்டாள். டாக்டர் எழுந்து லேசர் அறையைத் திறக்கச் சொன்னார்.

லேசர் என்றால் டெஸ்டருக்கு நன்றாகவே புரிந்தது. கிழிசலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சூடு வைத்து வேலி போடுவது; ஏறக்குறைய வெல்டிங். தாடையைப் பொருத்தி வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பச்சை பச்சையாக மின்னித் தள்ளியது. இந்த மின்னலுக்காவது டாக்டர் சாட்சியாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது. டாக்டர் மறுபடி பார்த்துவிட்டு, வேலி நன்றாக விழுந்திருக்கிறது, கண் தப்பித்துவிட்டது என்றார். மனைவி அங்கேயே அழுதாள். டெஸ்டரும் அழுதார், சொட்டு மருந்து என்று சொல்லிக்கொண்டார்.

மின்னல் இன்னும் சில வாரம் அவ்வப்போது வரலாம், பயப்பட வேண்டாம், ஆனால் புள்ளிகள் புதிதாகக் கொட்டினாலோ, மின்னல் கூடினாலோ, ஓரத்தில் நிழல் விழுந்தாலோ அந்த மணி நேரமே வரவேண்டும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார். வழியில் மச்சினன் வேனை ஓட்ட, டெஸ்டர் விரிந்த கண்ணோடு தெருவிளக்குகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. ஒன்றைக்கூடக் குறை சொல்லவில்லை.

அவ்வப்போது போய்க் காட்டியதில் நான்கு வாரம் ஓடியது. கடைசித் தடவை டாக்டர் கையைக் குலுக்கி, வேலிக்கு உள்ளே எல்லாம் அப்படியே இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை டெஸ்டர் மச்சினனைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவன் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், மெயின் பெட்டி எங்கே என்று தெரியாதவனைக் கூட்டிப்போவதுபோல் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். கதவைத் திறந்து, சட்டைப் பையிலிருந்து டெஸ்டருக்குப் பக்கத்தில் இருந்த பேனாவை எடுத்தார்.

பழுப்பேறிய லேபிளில், பொடி எழுத்தில், வரிக்குள் அடங்கும்படி எழுதினார். தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார். மச்சினன் எட்டிப் பார்த்தான். மனைவி சமையலறையிலிருந்து வந்து, தன் தொழிலை விடாமல், எழுத்து ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா என்று குனிந்து சரிபார்த்தாள். பிறகு, கண் தெரிந்துதான் எழுதினீர்களா என்று கேட்டாள்.

டெஸ்டர் இடது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டார். வலது கண் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பையன் பாடம் ஒப்பிப்பதுபோல் உரக்கப் படித்தார்.

"முழு வீடும் சோதிக்கப்பட்டது. மெயினை அணைத்தும் பார்க்கப்பட்டது. வயரிங்கில் பழுது இல்லை."

படித்து முடித்த பிறகும் கையை எடுக்கவில்லை. லேபிளின் அடியில், எறும்பு ஊர்ந்தாற்போல் அச்சாகியிருந்த அச்சகத்தின் விலாசத்தையும் கதவு எண் வரைக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட வந்தார்.