பதினான்கு வாரப் படிக்கட்டு

1

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்: இதுவரை எந்த நீதிமன்றமும் விசாரிக்காத, எந்த நாடாளுமன்றமும் ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவராத மாபெரும் அநீதி ஒன்று, ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் உள்ள ஹோர்ன்வைலர் என்னும் எங்கள் ஊரில் மூன்றாண்டுகளாக நடந்துவருகிறது. லாரஸ் என்ற மாணவியை யாரும் கேலி செய்யவில்லை.

கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாக இருக்க வேண்டியதே இல்லை. எட்டே எட்டு வரிச் செய்யுளாக இருந்திருக்க வேண்டியது.

எங்கள் ஊரில் பிப்ரவரி என்றால் கோமாளித் திருவிழா. விழா வாரத்துத் திங்கட்கிழமை மரமுகமூடி போட்ட கோமாளிகள் ஆளுக்கொரு படப் புத்தகத்தோடு தெருவில் இறங்குவார்கள். கடந்த ஓராண்டில் ஊரில் யார் யார் என்னென்ன அசட்டுத்தனம் செய்தார்களோ, ஒரு பக்கத்துக்கு ஒரு படம், எட்டு வரிச் செய்யுள். சம்பந்தப்பட்ட ஆளைத் தெருவில் நிறுத்தி, குரலை மாற்றிக்கொண்டு, முகத்துக்கு நேரே படித்துவிட்டு ஒரு மிட்டாய் கொடுப்பார்கள். கோபப்படக் கூடாது. அதைவிட முக்கியம், படிக்காமல் விடவும் கூடாது. புத்தகத்தில் பக்கம் இல்லாதவன் இந்த ஊரில் இருக்கிறானா இல்லையா என்பதே சந்தேகம்தான்.

அந்த எட்டு வரிகளைப் பதினாறு ஆண்டுகளாக எழுதுபவன் நான்.*

* தகுதி? இங்கே வந்த ஒன்பதாம் ஆண்டு, பனி உறைந்த கார்க் கண்ணாடியில் கொதிக்கும் வெந்நீரை ஊற்றி அதை இரண்டாகப் பிளந்தேன். அடுத்த பிப்ரவரியில் ஒரு கரடிமுகக் கோமாளி என்னை நிறுத்தி, "டேய் வெந்நீரு, ரசம் வைக்க வேற பாத்திரம் கெடைக்கலையா?" என்றது. அன்று முதல் என் பெயர் வெந்நீர். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் எனக்குப் பெயர் இல்லை, 'மதிப்பிற்குரிய தாங்கள்'தான்.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பனி பொழிந்த ஒரு காலையில், இந்தோனேசியாவின் செமாராங் நகரிலிருந்து கண்களில் கனவுகளைச் சுமந்துகொண்டு—'

வேண்டாம். அவள் சுமந்துகொண்டு வந்தது இரண்டு பெட்டி, ஒரு மின்சாரச் சோற்றுப் பானை.

இரண்டாம் முயற்சி: 'பண்பாடுகள் சந்திக்கும் புள்ளியில்—'

இதுவும் வேண்டாம். பண்பாடுகள் எங்கேயும் சந்திப்பதில்லை. ஆட்கள்தான் சந்திக்கிறார்கள், பெரும்பாலும் மாடிப்படியில்.

மூன்றாவது: லாரஸ், வயது இருபத்து மூன்று, பக்கத்து நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரியில் அறுவைக் கருவிகள் செய்யப் படிக்கிறாள். மார்ச்சில் படிப்பு முடிகிறது, ஊருக்குத் திரும்புகிறாள். ஆக, இந்தத் திங்கட்கிழமைதான் அவளுக்குக் கடைசித் திருவிழா.

இது போதும். மோசமான வாக்கியங்கள்தான். ஆனால் பொய் இல்லை.

3

முதலாண்டு அவள் தெருவோரம் நின்றாள். பக்கத்தில் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த கெர்லிண்ட். ஐம்பத்தைந்து வயது, சொந்தமாக டிரைவிங் ஸ்கூல், ஊருக்கே கேட்கும் குரல். ஒரு கோமாளி வந்தது. லாரஸைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டது.

"அன்பிற்குரிய மாணவியே, எங்கள் நகரத்தின் தொன்மையான விழாவுக்குத் தங்களை மனமார வரவேற்கிறோம். இவ்வினிப்பினை ஏற்றுக்கொள்ளுங்கள்."

மிட்டாயைக் கொடுத்துவிட்டு அதே கோமாளி கெர்லிண்ட் பக்கம் திரும்பியது.

"அடியே கெர்லிண்ட்! ஊருக்கெல்லாம் ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித் தர்றவளே! உன் வீட்டு கராஜ் கதவு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு பாக்கத் தெரியாதாடி உனக்கு?"

கெர்லிண்ட் சந்தோஷத்தில் கத்திய கத்தலில் புறாக்கள் பறந்தன. லாரஸ் மிட்டாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

இரண்டாம் ஆண்டு அவள் திட்டம் போட்டாள். (இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரம் இவ்வளவு மெனக்கெட்டு அசடாகுமா? ஆகும். நடந்தது.) சந்தை கூடும் சனிக்கிழமை, ஊர் பார்க்க, ஒரு கடிதத்தைக் கொண்டுபோய் நாய்க்கழிவுப் பை வைக்கும் பெட்டிக்குள் திணித்தாள். நாலு பேர் ஓடி வந்தார்கள்.

"மன்னிக்க வேண்டும், இந்தப் பெட்டியின் வடிவமைப்பு உண்மையிலேயே குழப்பமானது. தவறு எங்களுடையது."

அடுத்த வாரம் நகராட்சி அந்தப் பெட்டியில் நான்கு மொழிகளில் அறிவிப்பு ஒட்டியது. புத்தகத்தில் பக்கம் வரவில்லை.

கெர்லிண்ட் பிறகு அவளிடம் விளக்கிச் சொன்னாள். "வேணும்னே பண்றது அசட்டுத்தனம் ஆகாதும்மா. அது நாடகம். அசடுன்னா நமக்கே தெரியாம வழியணும்."

4

வழிந்தது.

போன செப்டம்பரில் லாரஸ் விடுதியைக் காலி செய்துவிட்டு கெர்லிண்ட் வீட்டு முதல் மாடிக்குக் குடிவந்தாள். அந்த வீட்டின் விவரம் கதைக்குத் தேவை. கீழ்த்தளம் கெர்லிண்ட். முதல் மாடி லாரஸ். இரண்டாம் மாடி டாக்டர் வால்டெமார் ஹெங்ஸ்லர், ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், கோமாளிகள் சங்கத் தலைவர். (கோமாளிகளுக்குச் சங்கம் எதற்கு என்று கேட்காதீர்கள். சங்கத்துக்கு விதிப்புத்தகமும் உண்டு.) மூன்றாம் மாடி: பிறகு சொல்கிறேன்.

எங்கள் வட்டாரத்து மாடி வீடுகளில் ஒரு சின்ன மரப்பலகை இருக்கும். 'கூட்டும் வாரம்' என்று எழுதியிருக்கும். அது யார் கதவில் தொங்குகிறதோ அவர் அந்த வாரம் படிக்கட்டைக் கூட்டித் துடைக்க வேண்டும். ஞாயிறு மாலை பலகையைக் கழற்றி அடுத்த மாடிக் கதவில் மாட்டிவிட வேண்டும். பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை.

அக்டோபர் முதல் ஞாயிறு கெர்லிண்ட் பலகையை லாரஸ் கதவில் மாட்டினாள். மறுநாள் முழங்கால் அறுவைக்குப் போனாள், அங்கிருந்து மகள் வீட்டுக்கு. திரும்பி வந்தது ஜனவரி நடுவில்.

பலகை லாரஸ் கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

"இது என்னடி இன்னும் இங்க?"

"என் போர்டுதானே? நீங்கதானே மாட்டினீங்க. வாராவாரம் கூட்டறேன். சனிக்கிழமை துடைக்கவும் செய்யறேன். மூணாவது மாடி வரைக்கும்."

"எத்தனை வாரமா?"

"பதினாலு."

கெர்லிண்ட் புது முழங்காலோடு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாள், இரண்டாம் மாடியை, அதற்கும் மேலே.

"பதினாலு வாரம். மேல ஏறி எறங்குன ஒருத்தன் வாயத் தொறக்கலையா?"

"எல்லாரும் வணக்கம் சொன்னாங்களே," என்றாள் லாரஸ். "ரொம்ப மரியாதையா."

5

ஜனவரிக் கடைசியில், 'எருது விடுதி' என்ற எங்கள் ஊர் உணவகத்தின் பின்னறையில் பக்கத் தேர்வுக் குழு கூடியது. குழுவில் கெர்லிண்டும் உண்டு. அவள் விஷயத்தைச் சொன்னாள். மேசையே குலுங்கியது. எட்டு வரிகளில் ஐந்து அங்கேயே எனக்கு வந்துவிட்டன.

டாக்டர் ஹெங்ஸ்லர் மட்டும் எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றால் குறிப்புத்தாள் இருக்கிறது என்று அர்த்தம்.

"நண்பர்களே! தொலைதூர தேசத்திலிருந்து நம்மை நம்பி வந்த ஓர் இளம் பெண்ணை நாம் நகைப்புக்கு உள்ளாக்குவதா? விருந்தினரைப் போற்றுவது நமது சங்கத்தின் நானூறாண்டு விழுமியம் அல்லவா?"

"அந்த விழுமியத்துக்கு வெளக்குமாறு பிடிக்கத் தெரியுமா டாக்டர்?" என்றாள் கெர்லிண்ட். "அது உங்க மாடிப்படிதான்."

"நான் படியில் கீழே பார்த்து நடப்பவன் அல்ல."

"அதான் போன வருஷம் பூனை மேல விழுந்தீங்க. பக்கம் பதினொண்ணு."

ஹெங்ஸ்லர் விதிப்புத்தகத்தைத் திறந்தார். விதி நான்கு: ஒவ்வொரு பக்கத்துக்கும் நேரில் கண்ட சாட்சிகள் இருவர் வேண்டும். கெர்லிண்ட் ஒருவர். மற்றவர் யார்? விதி ஏழு: அசட்டுத்தனத்தைப் பார்த்தும் வாய்திறக்காமல் அதனால் பயன் பெற்றவர்கள் படமும் அதே பக்கத்தில் வரும்.

"பதினான்கு வாரமும் கண்ணால் கண்டவர் என்று எவரேனும் கையெழுத்திட்டால் எனக்கு ஆட்சேபம் இல்லை," என்றார், ஆட்சேபம் ஒழுகும் குரலில்.

"மூணாவது மாடி என்ன சொல்லுது?" என்று யாரோ கேட்டார்கள்.

எல்லோரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். அந்தப் பக்கத்தில்—

அந்தப் பக்கச் சுவரில் ஒரு எருதுத் தலை மாட்டியிருந்தது என்று வைத்துக்கொள்வோம்.

"படம் வரைய ரெண்டு நாள் வேணும்," என்றாள் கெர்லிண்ட், எருதுத் தலையைப் பார்த்தே. "திங்கட்கிழமைக்கு முந்தின வெள்ளி மத்தியானம் வரைக்கும் டைம். அதுக்குள்ள கையெழுத்து வரலைன்னா பக்கம் இல்லை. அந்தப் பொண்ணு மிட்டாயை வாங்கிக்கிட்டு ஊருக்குப் போய்ச் சேரட்டும்."

6

[இந்த இடத்தில் மூன்றாம் மாடிக்காரனின் மனநிலையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். முதல் வாரம் 'வேறு யாராவது சொல்லுவார்கள்' என்று இருந்தானாம். மூன்றாம் வாரம் 'அவளுக்குக் கூட்டுவது பிடித்திருக்கிறது போல' என்றிருந்தானாம். ஆறாம் வாரத்துக்கு மேல், இனிமேல் சொன்னால் 'ஏன் முன்னமே சொல்லலை?' என்று கேட்பார்களே என்று இருந்தானாம். இடையில் அவனுக்கு இடுப்பு வலி வேறு. உளவியல் நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்தால் மருத்துவச் சான்றிதழ் மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.]

7

நேற்று, புதன்கிழமை, பேருந்து நிறுத்தப் பெஞ்சில் லாரஸைப் பார்த்தேன்.

"வெந்நீர் அங்கிள், என் பக்கம் வருதா?"

"ரகசியம். சொல்லக் கூடாது."

"கெர்லிண்ட் சொல்லிட்டாங்க. ஒரு கையெழுத்து குறையுதாம்."

பேருந்து வரவில்லை. இந்த ஊர்ப் பேருந்து நான் அவசரமாகத் தப்பிக்க நினைக்கும்போது மட்டும் தாமதமாகும்.

"மூணு வருஷமா நான் இங்க ஒரு தப்பும் பண்ணலை, தெரியுமா?" என்றாள். "கிளாஸ்ல வினைச்சொல்லை எங்கயோ கொண்டுபோய் வைப்பேன். 'அருமையா பேசறீங்க'ம்பாங்க. லேப்ல கருவியைத் தலைகீழா மாட்டினேன். 'சுவாரசியமான அணுகுமுறை'ன்னாங்க. எங்க ஊர்ல இதுக்கெல்லாம் எனக்கு நாலு பட்டப்பேர் வெச்சிருப்பாங்க. இங்க கண்ணாடிக் கடைக்குள்ள நடக்கிற மாதிரி என்னைச் சுத்தி நடக்கறாங்க."

"உன்னைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னுதான்..."

"படிக்கட்டு கூட்டினதுல எனக்குக் கஷ்டமே இல்லை. பத்து நிமிஷ வேலை. ஆனா பதினாலு வாரம், 'ஏ லூசு, போர்டைக் கழட்டி மேல் மாடியில மாட்டு'ன்னு சொல்ல ஒருத்தருக்கும் மனசு வரலையே. அந்த டாக்டரை விடுங்க. ஆனா நீங்க கூட—"

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் இங்கே முடித்துவைக்கப் போவதில்லை. பேருந்து வந்தது.

8

இன்று வியாழன். திருவிழா தொடங்கிவிட்டது. கோமாளிகள் வழக்கப்படி பள்ளிக்கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போகும் கொட்டுச் சத்தம் கேட்கிறது. கையெழுத்துக்கு நாளை மதியம் வரை நேரம் இருக்கிறது. கதைக்கு முடிவு வேண்டும். கையில் மூன்று இருக்கின்றன.

முடிவு அ: டாக்டர் ஹெங்ஸ்லர் கண்ணீர் மல்க எருது விடுதிக்குள் நுழைந்து கையெழுத்திடுகிறார். (அவரை நாற்பது ஆண்டுகளாகத் தெரிந்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை கதையை நிறுத்திவைக்கிறேன்.)

முடிவு ஆ: திங்கட்கிழமை. கரடிமுகக் கோமாளி ஒன்று லாரஸ் முன்னால் நிற்கிறது. புத்தகத்தைப் புரட்டுகிறது. படத்தில் ஒரு படிக்கட்டு, ஒரு துடைப்பம். பின்னால் பூனைமேல் விழாமல் வானத்தைப் பார்த்து நடக்கும் ஒரு டாக்டர். அவருக்கும் பின்னால், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் ஏறும் இன்னொருவன். "அடியே பதினாலு வாரம்!" என்று ஆரம்பிக்கிறது கோமாளி. அவள் முகம் எப்படி இருந்தது என்று வர்ணிக்க எனக்கு மிகவும் ஆசை. ஆனால் இந்தப் படத்துக்குக் கையெழுத்து வேண்டும்.

முடிவு இ: திங்கட்கிழமை. கோமாளி முதுகை நிமிர்த்துகிறது. "அன்பிற்குரிய மாணவியே." மிட்டாய். மார்ச். விமானம்.

மூன்றில் எது என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை வாசகராகிய உங்களிடமே ஒப்படைக்கிறேன். இது நவீனக் கதை. இதில் இப்படிச் செய்ய அனுமதி உண்டு. உங்களுக்கும் ஒரு வசதி: கையெழுத்துப் போட நீங்கள் எருது விடுதிக்கு நடக்க வேண்டியதில்லை.

சங்கத்தின் சாட்சிப் படிவம் மேசைமேல் கிடக்கிறது. நாலே கேள்விகள். நடை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக மட்டும், வெறும் எழுத்துப் பயிற்சியாக, பூர்த்தி செய்துபார்க்கிறேன்.

சாட்சியின் பெயர்: வெந்நீர்.

முகவரி: கெர்லிண்ட் வீடு, மூன்றாம் மாடி.

கண்டது என்ன: பதினான்கு வாரமும் பார்த்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

கூடுதலாகச் சொல்ல விரும்புவது: படிகள் சுத்தமாக இருந்தன.