யாப்பிங் அக்கா

ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் சலவைக்கூடம். துணி உலர்த்தும் உருளை ஓடும்போது காதுக்குள் கத்தினால்தான் கேட்கும். அதையும் மிஞ்சிப் பேசுகிறவள் ஒருத்தி இருந்தாள், கண்ணுகளா. அவளும் அவளுக்கு இளைய ஓரகத்தியும் எதிரெதிரே நின்று படுக்கை விரிப்பு மடிப்பார்கள்.

புதிதாக வந்த மேற்பார்வைப் பெண்தான் மூத்தவளுக்குப் பெயர் வைத்தாள்.

"வந்துட்டாங்கப்பா யாப்பிங் அக்கா!"

"அது என்னடி பேரு?"

"ஓயாம பேசினா இங்கிலீஷ்ல இப்போ அப்படித்தான் சொல்றாங்க. நாய்க்குட்டி வள்வள்ளுன்னு கத்துமே, அது."

"குட்டின்னாவது சொன்னியே, நல்லாயிரு. இந்த வயசுல வேற யாரு சொல்வா?"

கூடமே சிரித்தது. இளையவள் மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்குப் பார்வை மங்கி மங்கி, வெளிச்சமும் நிழலும்தான் மிச்சம். மருத்துவர் கையை விரித்துவிட்டார். படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனுக்கு மருந்தும் சோறும் அவள் சம்பளத்தில்தான். அதனால், பார்வை போனது யாருக்கும் தெரியாதபடி, மூத்தவள் ஊர்வம்புக்குள் வேலைக் குறிப்புகளை ஒளித்து வைத்தாள். "மாடி வீட்டுக்காரி இடப்பக்கமாத்தான் படுப்பாளாம்" என்றால் விரிப்பின் முனை இடப்பக்கம் என்று பொருள். "அவ புருஷன் யோக்கியன் இல்லடி" என்றால் கறை இருக்கிறது, தனியே போடு. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லொடலொடவென்று பேசுகிறவள் பேச்சை யார் காதுகொடுத்துக் கேட்டார்கள்?

உருளை நிற்கப்போகும்போது சத்தம் மெல்ல இறங்கும். அங்கே வேலை செய்பவர்கள் அதோடு குரலையும் இறக்கிக்கொள்வார்கள். அன்று இளையவள் முனையைத் தவறவிட்டு விரிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் மேற்பார்வைப் பெண் வந்தாள். மூத்தவள் அதைப் பார்த்துவிட்டாள். உருளையை அவள் கவனிக்கவில்லை.

"தடவாதேடி! கண்ணு தெரியலைன்னு கண்டுபிடிச்சிடப் போறா!"

உருளை நின்றிருந்தது. கூடம் முழுக்க அந்தக் குரல்தான் கேட்டது.

மேற்பார்வைப் பெண் அருகில் வந்தாள். "அக்கா, என் கையில என்ன இருக்கு?"

இளையவள் யோசித்தாள். "சாவிக்கொத்து."

வழக்கமாக அதுதான் இருக்கும். அன்று வெறுங்கை.

"ஐயோ, நான் வாய்க்கு வந்ததை உளறினேன்மா! என் பேச்சை யாராவது கணக்குல எடுப்பாங்களா?" என்று மூத்தவள் கும்பிட்டாள். அத்தனை வருஷம் அவள் பேசியதில் அந்த ஒன்றைத்தான் எல்லோரும் நம்பினார்கள்.

"கொதிக்கிற இஸ்திரி மெஷின் பக்கத்துலயே இருக்கு. எப்படிக்கா உங்களை நிக்கவைப்பேன்?" அந்தப் பெண் இளையவளின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் வேலையை விட்டு அனுப்பிவிட்டாள்.

வாசலில் மூத்தவள் கையை நீட்டினாள். இளையவள் உதறினாள்.

"எம்மேல உள்ள பாசத்துலதான் கத்துனீங்க. தெரியுதுக்கா. ஆனா இனிமே உங்க குரல் என் காதுல விழக்கூடாது. போயிடுங்க."

மூத்தவள் போகவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து நடந்தவளுக்குப் பின்னாலேயே பேருந்து நிறுத்தம்வரை வந்தாள். அங்கே வேறு யாரும் இல்லை. வண்டி ஒன்று வந்து நின்றது.

"யாராவது இருக்கீங்களா? இது எந்த வண்டிங்க?"

அவர்கள் வீட்டுக்குப் போகிற வண்டிதான். மூத்தவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

வண்டி கிளம்பிவிட்டது.